ஒரு விரற்கடை தூரம்

வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர் வீடுகளில் இசைக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. மூலையில் உறை போட்ட தம்பூரா ஒன்று சாய்ந்திருக்கும். வாரம் இரு முறை பாட்டு வாத்தியார் வருவார். நவராத்திரி வந்தால், பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மாள்கூட நம் குழந்தைகளின் கீர்த்தனத்தைக் கேட்டுவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு போவாள். இந்த ஒழுங்கின் நடுவே, ஒரு நாள் பிள்ளையாண்டான் மின்சாரக் கிதார் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். கூடவே ஒரு சதுரப் பெட்டியும் வருகிறது. பெட்டியை மின்சாரத்தோடு இணைத்து, தந்தியை ஒரு தட்டுத் தட்டியவுடனே, வீட்டுப் பெரியவர்கள் எழுந்து சென்று தத்தம் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

சில மாதங்கள் சென்றபின் அடுத்த விண்ணப்பம் வருகிறது: "அப்பா, நான் வாசிப்பதை ஒலிப்பதிவு செய்ய வேண்டும்." இதற்கு என்ன செலவாகும், என்னென்ன சாமான் வேண்டும், யாரைக் கேட்பது என்று திகைக்கும் பெற்றோர் பலர். நான் இத்துறையில் நிபுணன் அல்லன். ஆயினும், மும்பையில் எங்கள் இரண்டு அறைக் குடியிருப்பில், என் மகனுக்காக ஆறேழு ஆண்டுகள் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டியின் முன் மண்டியிட்டிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டவற்றைப் புதிதாகத் தொடங்கும் குடும்பங்களுக்குச் சொல்வது பயனுடையது என்று நினைக்கிறேன். அவற்றுள் தலையாயது இதுதான்: நல்ல ஒலிப்பதிவுக்கு முதலில் வேண்டியது விலையுயர்ந்த கருவி அன்று, பொறுமையோடு கேட்கும் ஒரு காது. அந்தக் காது, சாத்திக்கொண்ட அந்தக் கதவுக்குப் பின்னாலேயே இருக்கக்கூடும்.

முதலில் இவ்வாத்தியத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். வீணையின் நாதம் அதன் குடத்தில் நிரம்பி வெளியே வருகிறது. மின்சாரக் கிதாருக்குப் பெரும்பாலும் அத்தகைய குடம் இல்லை. அது கெட்டியான ஒரு மரப்பலகை. தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் அமைந்துள்ளன. இதனைப் 'பிக்கப்' என்பார்கள். எஃகுத் தந்தி அதிரும்போது அந்தச் சுருளில் மிகச் சிறியதொரு மின்னோட்டம் உண்டாகிறது. அதை ஆம்ப்ளிஃபையர் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஆகவே, பிள்ளை கொண்டு வந்த சதுரப் பெட்டி வெறும் ஒலிபெருக்கி அன்று. அதுவே இந்த வாத்தியத்தின் குடம். கிதாரைப் பதிவு செய்வது என்றால், உண்மையில் அந்தப் பெட்டியைப் பதிவு செய்வதுதான்.

பெரிய வாத்தியக் கோஷ்டிகளின் நடுவே கிதாரின் மெல்லிய ஒலி எடுபடவில்லை என்பதனால், 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்த ஏற்பாடு பிறந்தது. 1951-இல் லியோ ஃபெண்டர் என்பவர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்சாரப் பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். இவையெல்லாம் நமக்கு அந்நியம் என்று ஒதுக்குவோர், மாண்டலின் ஸ்ரீநிவாஸை நினைத்துப் பார்க்க வேண்டும். சபைகளில் நாம் கண் மூடி ரசித்த அந்த ராக ஆலாபனைகள் மின்சார மாண்டலினில் பிறந்தவைதாமே!

இனிச் செய்முறைக்கு வருவோம். ஆம்ப்ளிஃபையர் வழக்கமாகத் தரையில் கிடக்கிறது. வாசிப்பவர் நின்றுகொண்டு கேட்கிறார். அதன் ஒலி அவர் முழங்காலை நோக்கிப் பாய்கிறதே அன்றிக் காதை நோக்கி அன்று. ஆகையால் மைக்கில் பதிந்ததைக் கேட்டவுடன், "இது என் வாத்தியத்தின் ஒலியே இல்லை" என்று இளைஞர்கள் மைக்கின் மேல் குற்றம் சாட்டுகிறார்கள். பெட்டியை ஒரு முக்காலியின்மேல் வையுங்கள். அடியில் ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போடுங்கள். ஒலி அளவைத் தாழ்த்திக்கொண்டு, காதை ஸ்பீக்கரின் உயரத்துக்குக் கொண்டு வந்து கேட்டுப் பாருங்கள். அங்கே கேட்கும் ஒலி பிடிக்கவில்லையென்றால், முதலில் கிதாரின் சுருதியையும் பெட்டியின் திருகுகளையும் கவனியுங்கள். அதன் பிறகே மைக்கைத் தொட வேண்டும்.

பெட்டியின் முன்புறத்துத் துணிக்குப் பின்னால் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்பதைக் கை விளக்கின் வெளிச்சத்தைப் பாய்ச்சினால் காணலாம். எட்டு, பத்து அல்லது பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள காகிதக் கூம்பு அது. நடுவில் சிறு கிண்ணம் கவிழ்த்தாற்போல ஒரு மூடி இருக்கும். இந்த வட்டம் முழுவதும் ஒரே ஒலியைத் தருவதில்லை என்பதே ஒலிப்பதிவின் முதற் பாடம். நடுவில் ஒலி கூர்மையாகவும் பளிச்சென்றும் இருக்கும்; ஓரத்துக்குப் போகப் போக மங்கிக் கனத்துவிடும். மைக்கைத் துணியிலிருந்து ஓர் அங்குலத் தூரத்தில், மூடியும் கூம்பும் சந்திக்கும் விளிம்புக்கு நேராக வைத்துத் தொடங்குவது பொதுவான வழக்கம். அங்கிருந்து ஒவ்வொரு விரற்கடையாக இப்புறமும் அப்புறமும் நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒரு திசையை நோக்கிக் கேட்கும் மைக்குகளுக்கு இன்னோர் இயல்பும் உண்டு: ஒலி பிறக்குமிடத்தை நெருங்க நெருங்கக் கீழ் ஒலிகள் பெருக்கமடையும். கனம் அதிகமானால் நான்கு அங்குலம் பின்னுக்கு இழுங்கள், போதும்.

இந்த வேலையை வாசிப்பவர் தனியாகச் செய்ய இயலாது. ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் மைக்கை நகர்த்த வேண்டும், ஒருவர் வேறோர் அறையில் ஹெட்ஃபோன் அணிந்து கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் நெடுநாள் இரண்டு பேரே இருந்தோம். மூன்றாமவர் வந்து சேர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தாயார் தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். முப்பது ஆண்டுகள் பாடியும் பாட்டுச் சொல்லிக்கொடுத்தும் வந்தவர். முதுமையில் எங்களோடு மும்பைக்கு வந்தார். அவருக்கு ஹிந்தி தெரியாது. மும்பையிலேயே பிறந்து வளர்ந்த பேரனுக்கோ, தமிழ் காதில் விழும், நாவில் வராது. "சாப்பிட்டாயா?", "சாப்பிட்டேன், பாட்டி" என்பதற்குமேல் இருவரிடையே பேச்சு வளர்ந்ததில்லை. கிதார் வந்தபின் அதுவும் குறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மைக்கை இங்கும் அங்கும் வைத்துப் பதிவு செய்து, எது நல்லது என்று தீர்மானிக்க முடியாமல் விவாதித்துக்கொண்டிருந்தோம். அம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "எதற்காக அந்தக் குழாயை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னோம். பேரன் ஹெட்ஃபோனை அவருக்கு மாட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கினான். நான் மைக்கை நகர்த்தினேன். நடுவில் வைத்தபோது, "தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கிறது" என்றார். ஓரத்துக்குக் கொண்டு போனபோது, "போர்வைக்குள்ளிருந்து பேசுகிறான்" என்றார். மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டு வந்தேன். "நிறுத்து, நிறுத்து! அங்கேதான் ஜீவன் இருக்கிறது" என்று கையை உயர்த்தினார்.

"ஜீவன் என்றால் என்ன, பாட்டி?" என்றான் பேரன்.

அம்மாள் பதில் சொல்லவில்லை. மூலையிலிருந்த தம்பூராவின் உறையைக் கழற்றச் சொன்னார். குதிரையின்மேல் தந்திக்கு அடியில் செருகியிருக்கும் நூலை அவனுக்குக் காட்டினார். நூலை ஒரு பக்கம் தள்ளித் தந்தியை மீட்டினார். 'டொக்' என்று செத்த ஒலி கேட்டது. மயிரிழை அளவு திரும்ப நகர்த்தி மீட்டினார். ஒரே தந்தியிலிருந்து பத்துத் தந்திகள் சேர்ந்து பாடுவது போல நாதம் விரிந்து எழுந்தது. "இதுதான்டா கண்ணா" என்றார். பையன் அன்று மாலை முழுவதும் அந்த நூலை நகர்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த வித்தை புதிதன்று. கருவிதான் புதிது. முதுமையில் மிக மேலான ஒலிகள் காதுக்குக் குறைந்துவிடுவது இயற்கை. அதனால் மெல்லிய இரைச்சல், சீறல் முதலியவற்றைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைச் சிறுவர்களிடம் விடலாம். ஆனால் கிதாருக்கென்று செய்யப்படும் ஸ்பீக்கர்களே ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்குமேல் ஒலியை அதிகம் வெளியிடுவதில்லை. ஆகவே நாதத்தின் தரத்தைப் பெரியவர்கள் தாராளமாக மதிப்பிடலாம்.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. பெட்டியின் துணியில் ஐந்து ஸ்டிக்கர் பொட்டுகளை வரிசையாக ஒட்டினோம். ஒவ்வொரு பொட்டுக்கு நேராகவும் மைக்கை வைத்து, பத்து விநாடி பதிவு செய்தோம். வாசிக்குமுன் "முதல் பொட்டு", "இரண்டாம் பொட்டு" என்று பையன் வாயால் சொல்ல வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஒரே ஒலி அளவில் வைத்துக் கேட்க வேண்டும். ஏனெனில் சற்று உரக்கக் கேட்பதே நல்லது என்று நம் காது எளிதில் ஏமாந்துவிடும். இந்த முறையில் அரை மணிக்குள் நல்ல இடம் அகப்பட்டுவிடும். பிற்பாடு கணினியில் திருகித் திருத்துவதைவிட மைக்கை ஒரு விரற்கடை நகர்த்துவது மேலானது. அதற்குக் காசும் வேண்டியதில்லை.

மைக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1965-இல் ஷூர் நிறுவனத்தார் வெளியிட்ட 'எஸ்.எம். 57' என்ற எளிய 'டைனமிக்' வகை மைக், இன்றளவும் உலகெங்கும் கிதார் ஆம்ப்ளிஃபையர்களுக்கு முன் நிற்கிறது. அந்த வகையில் ஒன்று இருந்தால் தொடக்கத்துக்குப் போதுமானது. இரண்டு மைக்குகளை வைத்தால் ஒலி இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் அடைந்து, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் தொல்லை உண்டு. ஒன்றில் தேர்ச்சி பெற்றபின் இரண்டாவதை நினைக்கலாம். டைனமிக் மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே தத்துவத்தின் இரு முகங்கள் என்பதும் அறியத்தக்கது. 1966-இல் லண்டனில் பீட்டில்ஸ் குழுவினரின் 'பேப்பர்பேக் ரைட்டர்' பாடலைப் பதிவு செய்தபோது, பேஸ் ஒலியை வலுவாகப் பிடிப்பதற்காக ஜெஃப் எமெரிக் என்ற ஒலிப்பதிவாளர் ஒரு ஸ்பீக்கரையே மைக்காக மாற்றிப் பயன்படுத்தினார்.

பதிவின் அளவைப் பற்றி இளைஞர்களுக்கு ஓர் ஆசை உண்டு: முள் சிவப்பைத் தொட வேண்டும் என்பது. இக்காலக் கணினிப் பதிவில் அது தேவையில்லை. மிக உரத்த இடத்திலும் உச்ச வரம்புக்கு 10 அல்லது 12 டெசிபல் கீழே நிற்குமாறு வைத்துக்கொள்ளலாம். வரம்பைத் தாண்டிய ஒலி நொறுங்கிவிடும். அதை மீட்பது கடினம். அவ்வாறே 'டிஸ்டார்ஷன்' என்னும் கரகரப்பையும் நேரில் வாசிப்பதைவிடச் சற்றுக் குறைத்துக்கொண்டால், பதிவில் ஒவ்வொரு சுரமும் தெளிவாக நிற்கும்.

இனிப் பேஸ் கிதார். இதன் பெருமையை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. கிதார்க் கலைஞராக இருந்து, 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் இசையமைப்பாளரான இளையராஜாவின் பாடல்களில், பேஸ் கிதார் அடியில் தனியொரு பாட்டே பாடிக்கொண்டு செல்வதை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் வீட்டில் அதைப் பதிவு செய்வது கிதாரைவிடக் கடினம். காரணம் நம் அறையின் அளவு.

கிதாரின் அடித்தந்தி விநாடிக்கு 82 முறை அதிர்கிறது. பேஸின் அடித்தந்தியோ 41 முறை. அந்த 41 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை காற்றில் 8 மீட்டருக்குமேல் நீளமுடையது. அதாவது ஏறக்குறைய 27 அடி. மும்பையில் எத்தனை பேருக்கு 27 அடி அறை இருக்கிறது? அதில் பாதியான 14 அடிக்கு அண்மையில் அறையின் நீளம் அமைந்துவிட்டால் வேடிக்கை பாருங்கள்: அந்தச் சுரம் இரு சுவர்களுக்கிடையே மோதி நின்றுவிடும். சுவரோரம் அது பூதாகாரமாகக் கேட்கும். அறையின் நடுவில் மெலிந்து காணாமற் போகும். நடுவில் அமர்ந்து வாசிக்கும் பிள்ளை, "பேஸ் போதவில்லை" என்று திருகை ஏற்றுகிறான். சுவருக்கு அப்பாலுள்ள வீட்டாரின் கட்டில் நடுங்குகிறது. அடுத்த சொசைட்டிக் கூட்டத்தில் நம் பெயர் அடிபடுகிறது.

இதற்கு நல்லதொரு மாற்று உண்டு. பேஸ் கிதாரைக் கணினியோடு சேர்க்கும் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்ற சிறு பெட்டியில், 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று குறித்த வாயிலிலேயே கம்பியை நேரடியாகச் செருகிப் பதிவு செய்யலாம். அத்தகைய வாயில் இல்லையெனில் 'டி.ஐ. பாக்ஸ்' என்ற கருவியை இடையில் வைக்க வேண்டும். வேறு வாயிலில் நேராகச் செருகினால் பிக்கப்பின் மெல்லிய மின்னோட்டம் சோர்ந்து, ஒலி மங்கிவிடும். நேரடிப் பதிவு ஏதோ ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று எண்ண வேண்டாம். 1960-களில் டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிலையத்தில், ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற மேதையின் பேஸ் இவ்விதம் நேரடியாகவே பதிவாயிற்று.

ஆம்ப்ளிஃபையரின் குணமும் வேண்டுமென்றால், நேரடிக் கம்பியையும் மைக்கையும் ஒரே சமயத்தில் இரு தடங்களில் பதிவு செய்யலாம். மைக் ஓர் அடி தள்ளி இருந்தால், அதன் ஒலி ஆயிரத்திலொரு பங்கு விநாடி பிந்தி வரும். கணினித் திரையில் இரண்டு அலைகளின் தொடக்கத்தையும் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்திவிட வேண்டும். பிறகு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எந்த நிலையில் ஒலி நிறைவாக இருக்கிறதோ அதுவே சரியானது. பதிவுக்கு முன்னால் பேஸின் ஒவ்வொரு சுரத்தையும் நிதானமாக வாசித்துக்கொண்டு வந்தால், பீரோவின் கண்ணாடி, அலமாரிப் பாத்திரம், ஜன்னல் கம்பி என்று ஒவ்வொன்றாகச் சுருதி சேர்ந்து பாடத் தொடங்கும். அவற்றை அடக்கிவிட்டே ஆரம்பிக்க வேண்டும். மின்விசிறியையும் நிறுத்துங்கள், அதன் காற்று மைக்கில் மோதும், சிலவகை ரெகுலேட்டர்கள் கிதாரில் இரைச்சலையும் ஏற்றும். வியர்க்கத்தான் செய்யும். ஒரு பாட்டு முடியும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அயலாருக்கும் நமக்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை 45 டெசிபலும் வரம்பு. அதைவிட முக்கியம் நம் குழந்தைகளின் செவி. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்குமேல் கேட்கலாகாது என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிலையம் வகுத்திருக்கிறது. அக்கணக்கில் 100 டெசிபல் ஒலிக்குக் கால் மணி நேரமே. மைக் ஓர் அங்குலத்தில் நிற்கையில் உரத்த ஒலிக்கு அவசியமே இல்லை. போன பொருளைத் தேடிக்கொள்ளலாம். போன செவி திரும்பாது.

மின்சார விஷயத்தில் மூன்று எச்சரிக்கைகள். அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டு வரும் ஆம்ப்ளிஃபையர் 120 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் எரிந்துபோகும். பின்புறம் எழுதியிருப்பதைப் படித்து, தகுந்த டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். அடுத்து, 'உம்' என்ற இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் முனையை நீக்குவோர் உண்டு. அது உயிரோடு விளையாட்டு. கிதாரை வேறு திசைக்குத் திருப்பினாலே பல சமயங்களில் இரைச்சல் தணியும். மூன்றாவதாக, வால்வு வகை ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கலாகாது. அதைத் திறந்து பார்க்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்பும் அதனுள்ளே உயர்ந்த மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இக்காலத்தில் ஆம்ப்ளிஃபையரே இல்லாமல், அதன் ஒலியைக் கணினியிலேயே உண்டாக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. இரவில் வாசிக்க அவை மிகவும் உதவும். அவற்றிலும் 'மைக் எங்கே?' என்று கேட்டு ஒரு படத்தைக் காட்டுகிறார்கள்! கேட்கப் பழகிய காது இல்லாதவனுக்கு அந்தப் படமும் வெறும் படமே.

என் மகன் இப்போது வேலையின் பொருட்டுப் பெங்களூரில் இருக்கிறான். வாசித்ததைப் பதிவு செய்து பாட்டிக்கு அனுப்புகிறான். அம்மாள் கேட்டுவிட்டுத் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "எந்தப் பொட்டு?" அதற்குமேல் அவர்கள் தமிழில் அரை மணி நேரம் பேசுகிறார்கள்.

ஆகவே அன்பர்களுக்கு என் கடைசி யோசனை இது. பதிவு செய்தவற்றுக்கு நாளும் பெயரும் இட்டு, இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். பாட்டைச் சீர் செய்து தனியே எடுத்துக்கொள்ளும்போது, முன்னும் பின்னும் பதிவாகியிருக்கும் பேச்சை வீண் என்று அழித்துவிடாதீர்கள். எங்களிடமுள்ள பழைய பதிவுகளில், தட்டுத் தடுமாறி "மூன்றாம் பொட்டு" என்று சொல்லும் பதினைந்து வயதுக் குரல் ஒன்று இருக்கிறது. அதற்குச் சற்றுத் தொலைவிலிருந்து, "ம், வாசி" என்று விடை கூறும் முதிய குரல் ஒன்றும் இருக்கிறது. அவ்விரண்டுக்கும் நடுவே மைக்கை எங்கே வைத்தோம் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஆயினும் அவை மிக நன்றாகப் பதிந்திருக்கின்றன.